படத்தில் ஏறாத கொல்லை

எங்கள் ஊர் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் இருந்தது. ஊருக்குப் பின்னால் மலை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் கழித்து, காட்டிலாகா அதிகாரி ஒருவர் வந்து, அந்த மலையின் பழைய சர்வே படத்தை ஊர்ச் சாவடியில் விரித்தார். துணி ஒட்டிய தாள். பழுப்புக் கோடுகள் சுற்றிச் சுற்றி வளைந்து உச்சிக்குப் போயின. அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன படம்.

அதில் மலைமேல் இருக்கும் சுனை இல்லை. சுனைக்குக் கீழே எங்கள் வீட்டு வரகுக் கொல்லையும் இல்லை. அந்த இடம் வெறும் பாறை என்று இருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். தாத்தா காலத்தில் சர்வேக்காரர்கள் வந்தபோது, ஊரே பேசி வைத்துக்கொண்டு அவர்களை மலையின் மறுபக்கமாகவே அழைத்துப் போயிருக்கிறது. கொல்லையைக் கண்டால் தீர்வை போடுவார்கள். சுனையைக் கண்டால் வேட்டைக்கு வருகிறவர்கள் அங்கே கூடாரமடித்து, காடு கலைக்கக் கூலியில்லாமல் ஆள் கூப்பிடுவார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்தப் பெருமையை எங்கள் ஆட்கள் கல்யாணப் பந்தியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

இனி மலை முழுவதும் அரசாங்கக் காடு என்றார் அதிகாரி. பழைய கொல்லைக்குப் பட்டா உண்டாம்; ஆனால் படத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊரார் சாட்சி சொல்ல வேண்டும். அப்பா எங்கள் கொல்லையைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அடிவாரத்தில் அவரவரும் தீர்வை கட்டாமல் உழுத துண்டு ஒன்று இருந்தது. வாயைத் திறந்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

"படத்துல இல்லையேய்யா. அப்ப இது நீ புதுசா வெட்டுன கொல்லை. கேசு போடணும்" என்றார் அதிகாரி. கெட்டவர் இல்லை, குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார். "அங்க கொல்லையே இல்லைன்னு எல்லாரும் கேக்கச் சொல்லிரு. நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

அப்பா ஜெயிலுக்குப் பயந்தவர்.

"இல்லைங்க. கொல்லை ஏதும் இல்லைங்க" என்றார்.

என்னைப் பெற்ற ஆத்தா கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். வரகு முற்றி, அறுப்புக்கு நின்றது. பெண்கள் சாவடிக்குள் கால் வைக்கிற வழக்கமில்லை. அவள் நேராக உள்ளே வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்ப, வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து நான் எங்கிட்டுப் போயி கருதறுத்தேன்?"

அதன்பின் அப்பாவிடம் அவள் நேருக்கு நேர் பேசி நான் கேட்டதில்லை.