பதினோரு நாள் மூத்தவள்

அறிவிப்பு வந்த அன்று கணக்கு டீச்சருக்கு வயது நாற்பத்தைந்தும் பதினோரு நாளும். அந்தப் பதினோரு நாளில் அவளுக்கு மூளை மழுங்கிவிட்டது, கால் தள்ளாடுகிறது, கரும்பலகை கைக்கு எட்டவில்லை என்று கல்வி அலுவலகம் கண்டுபிடித்துவிட்டது. பதினாறு வருடமாக ஒரே பள்ளியில், தற்காலிக ஆசிரியையாக, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தி வந்தவள். நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வரும் நாளில் நாற்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாதாம்.

அறிவிப்பு மார்ச்சிலேயே வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய நியமன அதிகாரி கண் ஆபரேஷனுக்குப் போனார். போகிற மனுஷன் கோப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே? மாட்டார். மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியையும் பையில் போட்டுக்கொண்டு போனார். நாலு மாதம் கோப்பு குறட்டை விட்டது. அது கண் விழித்தபோது டீச்சர் கிழவியாகியிருந்தாள்.

"ஒரு மனு எழுதிக் குடுத்துப் பாரேன், கேட்டா வாயா வலிக்கும்?" என்றான் பஸ் ஓட்டும் அவள் கணவன். எழுதிக்கொண்டு போனாள்.

அதிகாரிக்கு அறுபத்திரண்டு. 'அனுபவம் வீணாகக் கூடாது' என்று இரண்டு தடவை பணி நீட்டிப்பு வாங்கி, நாற்காலியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மனுவை மூக்கருகே கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், கடைசியில் விதிப் புத்தகத்தையும் சேர்த்து அவளிடமே நீட்டினார்.

"எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது. வயசு வரம்பு எவ்வளவு போட்டிருக்குன்னு நீங்களே படிங்கம்மா. நான் கையெழுத்துப் போட்ட அறிவிப்புலயும் அதான் இருந்துச்சு, ஞாபகம் இல்ல."

நாற்பத்தேழு என்று சொன்னால் போதும். அந்த ஆள் தலையாட்டியிருப்பார். சொல் நுனி நாக்கு வரை வந்தது. ஆனால் பதினாறு வருடம் பிள்ளைகளின் தப்பான எண்ணை அடித்துத் திருத்தியவளுக்கு அது வாயில் நுழையவில்லை.

"நாப்பத்தஞ்சு, சார்."

"அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல. வயசானவங்ககிட்ட சுறுசுறுப்பு இருக்காதுன்னு மேல நினைக்கிறாங்க." அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தடவித் தடவி 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடுங்க. தற்காலிகத்துக்கு வயசு வரம்பு கிடையாது. புது டீச்சர் வந்ததும் ரெண்டு மாசம் கூட இருந்து பழக்கி விடுங்க. உங்க அனுபவம் வீணாகக் கூடாது பாருங்க."

இந்த மண்ணாந்தை முன்னாலா இவ்வளவு நேரம் கை கட்டி நின்றோம் என்று அவளுக்கு அருவருத்தது.

"முடியாது சார்," என்றாள். "எனக்கு வயசாயிடுச்சு."

தற்காலிக ஆள் வர மாட்டேன் என்றால் என்ன செய்வது? அதிகாரி பதறிப்போய் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அம்மா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லிட்டுப் போங்க!"

அவள் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.