நனையாமல் இறங்கும் உடுப்பு

இந்த ஊரில் கடலுக்குள் இறங்குகிறவன் நனையக்கூடாது. வந்து மூன்று வருஷமாகியும் இந்த ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. தினமும் காலையில், தூறலில் நடுங்கும் இரும்பு மேடையில் நின்றுகொண்டு, கழுத்திலும் மணிக்கட்டிலும் பவுடர் பூசிக்கொள்கிறேன். நம் பக்கத்தில் குளிப்பாட்டிய குழந்தைக்கும், பெண் பார்க்க வருகிற அன்று பெண்ணுக்கும் போடுகிற அதே பவுடர். நாற்பதை நெருங்கும் ஆம்பிளை அதைப் பூசிக்கொண்டு ஐஸ் மாதிரித் தண்ணீரில் குதிக்கிறேன். 'அந்தக் குளிரில் எப்படி முங்குகிறாய்?' என்று நம் ஆந்திரச் சித்தூரிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் கோபப்படாமல் சொல்ல எனக்கு வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சால்மன் மீன் பண்ணையில் வேலை. கடலில் மிதக்கும் பெரிய வலைக்கூண்டுகளின் அடிவரைக்கும் போய், செத்த மீன்களைப் பொறுக்கி, வலையில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு 'டிரைசூட்' என்று ஒரு உடுப்பு. கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே ரப்பர் கூடு. உள்ளே கம்பளிச் சட்டை. மார்பில் காற்றை உள்ளே விட ஒரு வால்வு, தோளில் வெளியே விட ஒரு வால்வு. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் பட்டைகள் தோலை இறுக்கிப் பிடித்துக் கடலை வெளியிலேயே நிறுத்தி வைக்கும். பவுடர் பூசாமல் இழுத்தால் பட்டை கிழியும், கிழிந்தால் உடுப்புக்குள் கடல் வந்துவிடும். ஜிப் இருப்பது முதுகில், தோளிலிருந்து தோளுக்குக் குறுக்காக. அதை நீங்களே போட்டுக்கொள்ள முடியாது. இன்னொருவன் பின்னால் நின்று இழுத்து மூட வேண்டும்.

சித்தூரில் எங்களுக்கு இருந்த உடுப்பு ஒரு கோவணமும் ஒரு கை எண்ணெயும்தான். நானும் என் அண்ணன் தேவதாஸும் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை செய்தோம். தோட்டத்துக் கிணறுகளில் பம்புசெட்டின் குழாய் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு சேறு அடைத்துக்கொண்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். புத்தூர் பஸ்ஸிலோ கார்வேட்டிநகரம் பஸ்ஸிலோ ஏறிப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, கையாலேயே சேற்றைத் தோண்டி எடுப்போம். மார்கழி மாதத்துக் கிணற்றுத் தண்ணீர் லேசுப்பட்டதில்லை. "டேய், நல்லா எண்ண தேச்சிக்கினு எறங்குடா. ஒடம்பு வெறச்சிப் பூடும்" என்பான் அண்ணன். காதுக்குள் இரண்டு சொட்டு, தலைக்கு, நெஞ்சுக்கு, தொடைக்கு. தண்ணீரில் இறங்குகிறவன் எண்ணெய் பூச வேண்டும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்துத் தோல் பைக்கும் எண்ணெய்தான் போடுவார்கள், வெடிக்காமல் இருக்க.

அண்ணன் செத்த பிறகு விசாகப்பட்டினத் துறைமுகத்தில் முக்குளிப்பு வேலைக்குப் போனேன். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பு, டிரைசூட்டைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பிறகு நர்ஸ் வேலை கிடைத்து வந்த என் மனைவி ரூபியின் பின்னால் நானும் இங்கே வந்து சேர்ந்தேன். பண்ணையில் சூப்பர்வைசர் கோர்டன் எனக்குக் கொடுத்தது வேலையை விட்டுப் போன ஒரு தடியனின் பழைய உடுப்பு. பூட்ஸ் என் காலுக்கு இரண்டு அளவு பெரிது, காற்றெல்லாம் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்து என்னைத் தலைகீழாகத் தூக்கும். முங்குகிற மற்ற மூவருக்கும் அளவெடுத்துத் தைத்தது. கேட்டதற்கு, "நீ இந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்குவாய் என்று பார்ப்போம்" என்றார். அதை அவர் தமாஷாகச் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாங்கிக் காட்டுகிறேன் என்று அந்தப் பழைய உடுப்பைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவ வேண்டும், ஜிப்பின் பல்லில் மெழுகுவத்தி தேய்க்க வேண்டும், ஜிப்பை மடிக்கக்கூடாது, வெயில் படாமல் தொங்கவிட வேண்டும். வெயில் படாமல் பார்த்துக்கொள்வதில் இந்த ஊரில் கஷ்டமே இல்லை. அவர்கள் பாதி நாள் கழுவாமலே மாட்டிவிட்டுப் போவார்கள். நானோ ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை வீட்டுக்கு எடுத்து வந்து, கிளாஸ்கோ கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயைக் கழுத்துப் பட்டைக்கும் கைப் பட்டைகளுக்கும் பக்குவமாகத் தேய்த்து, மிச்சத்தை என் தலைக்கும் வைத்துக்கொள்வேன். என்னை மாதிரி உடுப்பைப் பேணுகிறவன் இந்தக் கரையிலேயே கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம்.

இரண்டே மாதத்தில் கழுத்துப் பட்டை விண்டது. புதிது ஒட்டினார்கள், ஜனவரியில் அதுவும் போனது. "மற்றவர்களுக்கு ஒரு பட்டை வருஷக்கணக்கில் வருகிறது. நீ கவனமில்லாதவன்" என்று கோர்டன் எல்லார் முன்னாலும் சொன்னார். என்னையா! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பேணுகிறவன் உடுப்பு கிழிகிறது, பேணாதவன் உடுப்பு நன்றாக இருக்கிறது என்றால் யாரோ வெட்டுகிறான் என்றுதானே அர்த்தம்? யாருடைய கை தினமும் என் முதுகில் இருக்கிறது? ஜிப்பை மூடுகிற காலின் என்பவனுடைய கை. அதிகம் பேசாத, செம்பட்டைத் தாடிக்காரன். அவன்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், வலையின் அடியில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மூன்றாவது பட்டை காதுக்குக் கீழே கிழிந்தது. முதுகுத்தண்டில் ஐஸ் இறங்கியது. நிமிஷத்தில் கால்கள் கல்லாகிவிட்டன. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தேனா என்றுகூட நினைவில்லை. மேலே கயிற்றைப் பிடித்திருந்த காலின்தான் இழுத்து மேடையில் போட்டான். உடுப்பிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியது. பல் கிட்டிய நிலையில் நான் சொன்ன முதல் வார்த்தை, "நீதான் வெட்டினாய்." என் உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்துச் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டுப் போய்விட்டான். இனி உன்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்கிறேன் என்று கோர்டன் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

சாட்சிக்காகக் கிழிந்த பட்டையை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். ரூபி அதை விரலால் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"இதுக்கு எண்ண போட்டீங்களா?"

"வாரா வாரம் போட்டுக்கினுதான் இருக்கேன். ஏன்?"

"இன்னா காரியம் பண்ணீங்க! ரப்பருக்கு எண்ண ஆவாதுன்னு வார்டுல மொத நாளே சொல்லுவாங்க. கையில எண்ணயோட கிளவுஸ் போட்டாலே பிசுபிசுன்னு ஆயிக் கிழிஞ்சிப் பூடும். யாரும் வெட்டல. நீங்களேதான் அத்த அழிச்சிட்டீங்க."

அவள்மேல் கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் பயப்படவில்லை, பட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். என் கோபத்துக்குக் காரணம் அவள் இல்லை. எண்ணெய் என்ற சொல்தான்.

அண்ணன் செத்தது எழுபதுகளின் நடுவில், கார்வேட்டிநகரம் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்துக் கிணற்றில். அன்றைக்கு நான் ரேணிகுண்டாவுக்கு ஒரு மோட்டாரைக் கொடுக்கப் போயிருந்தேன், அவன் தனியாகப் போனான். கரண்ட் இல்லாத நேரம் பார்த்து முங்கியிருக்கிறான். நம் பக்கத்துத் தோட்டங்களில் கரண்ட் வந்துவிட்டால் யாராவது ஓடிப்போய் மோட்டாரைப் போடுவார்கள், மறுபடி எப்போது போகுமோ என்ற அவசரம். வீட்டிலிருந்து தோட்டத்துச் சொந்தக்காரரின் தம்பி ஓடிவந்து ஸ்விட்சைப் போட்டான். கிணற்றில் ஆள் இருக்கிறான் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. மோட்டார் வயர் பழசு, கிணற்றுத் தண்ணீர் பூராவும் கரண்ட். போலீஸ் வந்தபோது தோட்டக்காரர் தெலுங்கில் சொன்னது ஒரே வரி: "ஒள்ளந்தா நூனெ, செய்யி ஜாரிந்தி." உடம்பெல்லாம் எண்ணெய், கை வழுக்கிவிட்டதாம். அப்படியே எழுதிக்கொண்டார்கள். மிஷன் பள்ளியில் வாட்ச்மேனாக இருந்த எங்கள் நைனா அதில் கையெழுத்தும் போட்டார். தப்பு ஸ்விட்சில் இல்லை, செத்தவன் பூசிய எண்ணெயில். நான் அந்த ஸ்டேஷன் வாசலில் வாயைத் திறக்காமல் நின்றேன். அந்த வெட்கம் இன்னும் என் தொண்டையிலேயே இருக்கிறது.

திங்கட்கிழமை கோர்டனின் அறைக்குப் போய் நானே சொன்னேன், எண்ணெய் போட்டதால்தான் கிழிந்தது என்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கதவுப் பக்கம் திரும்பி, "எண்ணெய் தேய்த்திருக்கிறான்!" என்று கூவினார். வெளியிலும் சிரித்தார்கள். "எண்ணெய் போடக்கூடாது என்று எனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். அவர் மேஜை டிராயரை இழுத்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு அச்சடித்த தாளை எடுத்துப் போட்டார். உடுப்பைப் பேணும் முறை. மூன்றாவது வரியிலேயே இருந்தது: எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. "நீ முக்குளிப்பவன்தானே, தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்."

நினைத்தாராம். அந்த டிராயரை ஓங்கிச் சாத்தினேன். மேஜைமேல் இருந்த கோப்பை உருண்டு உடைந்தது. பிறகு எட்டு ஊர் கேட்கத் தமிழில் பேசினேன். பாதியில் தெலுங்குக்கு மாறினேன். ஸ்டேஷன் வாசலில் பேச வேண்டியதையெல்லாம் அந்த வெள்ளைக்காரரிடம் பேசினேன். எண்ணெய் போட்டது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாள் உன் டிராயரில் இருந்ததே, ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையே, ஒரு வார்த்தை சொல்லாததால் என் வீட்டில் ஒருத்தன் ஏற்கெனவே செத்திருக்கிறானே! அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் வேறொரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். புது உடுப்புக்கான ஆர்டர் படிவம். "உன் அளவுக்கு எழுது" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை.

வெளியே காலின் நின்றிருந்தான். "தப்பு என்மேல்தான், உன்மேல் இல்லை" என்றேன். "சரி, திரும்பு" என்று மட்டும் சொன்னான், அன்றைக்கு இரவல் கிடைத்த உடுப்பின் ஜிப்பைப் போட.

அந்தப் படிவத்தை ரூபியோடு உட்கார்ந்து நிரப்பினேன். தடித்த நியோப்ரீன் என்கிற செயற்கை ரப்பரா, ரப்பர் பூசிய துணியா? துணி, உள்பக்கத்தைத் திருப்பித் துடைத்துக் காயவைக்கலாம். பூட்ஸ் என் அளவு. கைப் பட்டை மெல்லிய ரப்பர்தான், என் மணிக்கட்டு ஒல்லி, நரம்பு புடைத்திருக்கும், தடித்தது ஒட்டாது. கழுத்துக்கு மட்டும் நியோப்ரீன், அது கொஞ்சம் எண்ணெயைத் தாங்குமாம். தலைக்கு எண்ணெய் வைப்பதை நான் விடுவதாக இல்லை, உடுப்பு என்னோடு ஒத்துப்போகட்டும். ஜிப்பை மார்புக்குக் குறுக்கே வைத்தால் நானே போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. யோசித்து, முதுகிலேயே என்று எழுதினேன். தண்ணீருக்குள் ஆள் இருக்கிறான் என்று மேலே ஒருத்தனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிக் கட்டம், மார்பில் எழுத வேண்டிய பெயர். அங்கே என் பெயரை எழுதவில்லை. ரூபி அதைப் படித்துவிட்டுப் படிவத்தை மடித்து உறையில் போட்டாள்.

இப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. கோர்டனைப் பார்த்தால் வருகிறது, அந்தத் தோட்டக்காரரை நினைத்தால் வருகிறது. சனிக்கிழமை எண்ணெய் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகுமுன் அதைச் சீயக்காய் போட்டு அலசி, திங்கட்கிழமை பவுடர் பூசிக்கொள்கிறேன். காலின் ஜிப்பை இழுத்து மூடி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "போ, டேவ்" என்கிறான். மார்பில் மஞ்சள் எழுத்தில் அண்ணன் பெயர், 'தேவதாஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, அவன் வாயில் அது அப்படித்தான் வருகிறது. நான் திருத்துவதில்லை. கயிற்றின் மறுமுனை அவன் கையில் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே படாமல், நாங்கள் இருவரும் இறங்குகிறோம்.