ஓடைக்குச் சேலை கட்டிய தங்கமணி அக்கா

தங்கமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அவரைத்தான் கேலி பேசிக்கொண்டிருந்தேன்.

காலையில் ஓடைக்கரையில் நாங்கள் எல்லோரும் வந்து நிற்கிறோம். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலையில் எங்கள் கூட்டத்தை மேற்பார்க்கிற மேட் அவர்தான். அவர் வந்து போனில் எங்களைப் படம் எடுத்தால்தான் அன்றைக்கு நாங்கள் வந்ததாகக் கணக்கு. ஒரு நாளும் பிந்தாதவர் அன்று பிந்திவிட்டார். "மேட்டம்மாவுக்கே இன்னைக்கு ஆப்சென்ட் போட்டுரலாமுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் அவருடைய கொழுந்தனார் பைக்கில் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. மாடு கறக்க உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

என் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பெண்கள் சேரும் நம் அயல்கூட்டத்தில் அக்காவைப் பற்றி யாராவது எழுதிப் படிக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். வாய் இருக்கிறவளுக்குக் கையும் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல. நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் உடனே பிடித்துவிடுவீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் போட்டோ விஷயம். சாவு வீட்டு வாசலில் கட்டுவதற்கு பேனர் அடிக்க வேண்டும் என்று பையன்கள் அவருடைய படம் கேட்டு வந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அவருடைய படமே யாரிடமும் இல்லை. தினமும் எங்களையெல்லாம் நிறுத்தி வைத்துப் படம் எடுத்தவர் ஒன்றில்கூட இல்லை. ஒரு நாள் நான் போனைப் பிடுங்கி, "நீங்களும் வந்து நில்லுங்கக்கா, நான் புடிக்கறேன்" என்றதற்கு, "ஏம்புள்ள ருக்கு, எடுக்கறவ உள்ள வந்து நின்னா எண்ணறது யாரு?" என்று கேட்டுப் போனை வாங்கிக்கொண்டார். கடைசியில் போன வருசம் அவருக்கு ஆதரம் வைத்தபோது எடுத்த படம்தான் கிடைத்தது. மரியாதை செய்வதை இங்கே ஆதரம் என்றுதான் சொல்லுவோம். அந்தப் படத்தில் தோளில் பொன்னாடை இருக்கிறது, முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்று பேனரைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். கரையில் ஏறி வந்த ஓர் ஆட்டைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆதரம் நடந்த கதையை நம் எருத்தேன்பதியிலேயே பலர் தப்பாகச் சொல்லுகிறார்கள். மேடைக்கு வர மாட்டேன் என்று அக்கா கௌரவம் பார்த்தார் என்று பேச்சு. அப்படி இல்லை. நம் ஆட்களின் கைப்பழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயில் நோம்பி என்றாலும், கல்யாணம் என்றாலும், ஆபீசர் வருகிறார் என்றாலும், மம்முட்டியை எடுத்து இருக்கிற புல்லையெல்லாம் வழித்து, வெறும் மண் தெரிகிற மாதிரி செதுக்கிவிடுவோம். அதுதான் நமக்குச் சுத்தம், அதுதான் மரியாதை. மண்ணைக் காப்பாற்றியதற்காக அக்காவைப் பாராட்டப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றதும், முதல் நாள் சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அவர் காப்பாற்றிய கரையையே செதுக்க ஆரம்பித்தோம்.

அக்கா வந்தார். சத்தம் போடவில்லை. எங்கள் மம்முட்டிக்கு முன்னால் போய்ப் புல்லின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"எந்திரிங்கக்கா, சோலி கெடக்குது" என்றேன்.

"நீ செதுக்கு புள்ள. என்னையும் சேத்துச் செதுக்கு."

"நாளைக்கு மந்திரியே வந்தாலும் எந்திரிக்க மாட்டீங்களா?"

"வர்றவிய புல்லப் பாக்கத்தான் வர்றாங்க. வெறும் மண்ணப் பாக்கறதுன்னா ரோட்டுலயே பாத்துட்டுப் போயிருப்பாங்க."

மறுநாள் பந்தல்காரர்கள் கரையில் குழி தோண்டிக் கால் நடுவார்களோ என்ற பயத்தில் அவர் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. பஞ்சாயத்து பிரசிடண்ட் நல்ல மனுசர். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, குனிந்து, உட்கார்ந்திருந்தவருக்கே பொன்னாடை போர்த்தினார். அந்த நேரம் பார்த்துத்தான் ஆடு வந்தது.

அந்தக் கரையின் கதை சேலையில் தொடங்குகிறது. நம் ஓடை வருசத்தில் பாதி நாள் மணலும் முள்ளுமாகக் கிடக்கும். ஐப்பசியில் கிழக்கே இடி இடித்தால் ஒரே மத்தியானத்தில் பனைமரத்தைப் புரட்டிக்கொண்டு வரும். கரை கரைந்து கரைந்து வெள்ளாமைக் காடுகளுக்குள் வந்துவிட்டது. தென்னை நார்க் கயிற்றில் நெய்த வலையைச் சுருட்டிக் கொண்டுவந்து, இதைக் கரையில் விரித்து முளை அடித்துப் புல் நடுங்கள் என்று ஓவர்சியர் பெண் சொன்னபோது, அதற்குக் கயிறு பூவஸ்திரம் என்று பேரும் சொன்னார். பூமிக்கு வஸ்திரமாம். "அப்படின்னா ஓடைக்குச் சேலைன்னு சொல்லுங்க" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்கு அது ஓடைச் சேலை.

சேலை கட்ட வேண்டுமென்றால் கரை வேண்டும். காட்டுக்காரர்கள் வருசத்துக்கு ஒரு சால் என்று கரைக்குள் உழுது உழுது உள்ளே வந்திருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது, யார் கேட்பார்கள் என்று நாங்கள் முனகிக்கொண்டிருந்தோம். "என்ற ஊட்டுக்காரரும் உள்ள வந்துருக்கறாரு. மொதல்ல அத எடுத்துட்டு மத்தவியகிட்டப் போலாம்" என்றார் அக்கா. சொன்னபடியே அவர் புருசன் ஆறுமுகம் அண்ணன் தட்டைப்பயறு போட்டிருந்த ஓரத்தை எங்களை விட்டே வெட்டிச் சரித்து, அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே முதல் சேலையை அங்கே விரிக்க வைத்தார். அண்ணன் கோபித்துக்கொண்டு தங்கச்சி வீட்டில் போய்ச் சாப்பிட்டார். நான் சும்மா இருப்பேனா? வழியில் மறித்து, தங்கச்சி வீட்டுக் குழம்பு எப்படி என்று விசாரித்தேன். "நா எடுத்துக் குடுத்த சேலையெல்லாம் அவளுக்குப் பெருசில்ல, இந்தக் கவுத்துச் சேலைதான் பெருசாப் போச்சு" என்றார். ஆனால் சொந்தப் புருசனிடமே எடுத்தவர் வந்து கேட்கும்போது மற்றவர்களுக்கு வாய் எழவில்லை. ஒவ்வொருவராக ஒதுங்கிக் கொடுத்தார்கள். அடுத்த ஐப்பசியில் தண்ணீர் வந்து போனபின் அண்ணன் போய்த் தன் காட்டு ஓரத்தைப் பார்த்தார். இருந்த மண் இருந்தபடி இருந்தது. அன்றிலிருந்து வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தார்.

இனி அவர் போன நாளுக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அன்றைக்கு மூடக்கூடிய அளவுக்குத்தான் கரையை வெட்ட விடுவார். "வெட்டின கரைய வெட்டினபடி உட்டுட்டுப் போறது, கதவத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போறாப்பல" என்பார். வெட்டாத கரையைவிட வெட்டிப் போட்ட கரை சீக்கிரம் போய்விடும். அவர் போனதற்கு முந்தின நாள், மத்தியானமே வந்துவிடும் என்று சொன்ன சேலைச் சுருள்கள் பொழுது சாயும்போதுதான் டிராக்டரில் வந்து இறங்கின. வளைவுப் பக்கம் அதற்குள் வெட்டிச் சரித்தாகிவிட்டது. ஓடையின் மூர்க்கமெல்லாம் அந்த வளைவில்தான் மோதும். நேர் கீழே எங்கள் கூட்டத்து மாராத்தாளின் வீடும் கடலைக்காடும். அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். விடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று எங்களிடம் சொன்னார்.

விடிந்தது, அவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். மகன் லாரி ஓட்டிக்கொண்டு ஆந்திராவில் இருந்தான். அவன் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும், அதுவரை எடுக்க முடியாது. நாங்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அழுகிறவர்கள் அழுதார்கள். எனக்கு வரவில்லை. அவர் மூக்குத்திக்குப் பக்கத்தில் கண்ணாடியில் பனித்துளி படிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் கிழக்கே கருக்கியது. வெட்டிப் போட்ட வளைவு எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. எழவு வீட்டில் உட்கார்ந்தவர்கள், பிணம் எடுக்கும் முன் எழுந்து போய் மம்முட்டியைத் தொடுவது எந்த ஊரில் உண்டு? மாராத்தாள் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பார்ப்பாள், பந்தல் ஓரமாக வானத்தைப் பார்ப்பாள், மறுபடி பெட்டியைப் பார்ப்பாள். நான் அவள் காதில் போய், போகலாமா என்று கேட்டேன். "என்ற ஊடு போனாப் போகுது. நா எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

ஆறுமுகம் அண்ணன் வெளியில் பெஞ்சில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே வந்தார்.

"போய் அத மூடிட்டு வாங்க."

மாராத்தாள் தலையை ஆட்டி, அதெல்லாம் வேண்டாமுங்க என்றாள்.

"உன்ற ஊட்டுக்காகச் சொல்லுல மாராத்தா. அவ வெட்டச் சொன்ன கரை. மூடாமக் கெடந்து போச்சுன்னா அவளத்தான் சொல்லுவாங்க." பெட்டியைப் பார்த்தார். "பையன் வர்ற மட்டும் அவ எங்கயும் போயிர மாட்டா. போங்க."

போனோம். போட்டோ இல்லை, போன் அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. கணக்குப்படி அன்றைக்கு அந்தக் கரையில் யாருமே வேலை செய்யவில்லை.

சேலை விரிக்கும்போது ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. பழக்கத்தில் எல்லோரும் அவரவர் இடத்தில் போய் நின்றுவிட்டோம். மேல் நுனி காலியாக இருந்தது. அங்கே நின்று சுருளின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு "உடு" என்று சொல்வது அக்கா. அவர் சொன்னால் கீழே நிற்கிற நாங்கள் உருட்டுவோம். யாரும் சொல்லவில்லை, யாரும் உருட்டவில்லை. கையில் சுருளை வைத்துக்கொண்டு, சரித்து வைத்த மண்ணைப் பார்த்தபடி நின்றோம். இடி கேட்டது.

நான் ஏறிப் போய் மேல் நுனியில் நின்றேன். ஏன் நான் என்று கேட்டால், நான்தான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். தலைப்பைப் பிடித்தேன். "உடுங்க" என்றேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. சுருள் இறங்கியது. முளை அடிக்க ஆரம்பித்தார்கள். பாதியில் மாராத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, முளை அடிக்கிற மரக் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டாள். கடைசி முளைகள் இறங்கும்போது மழை முதுகில் அடித்தது.

பம்பு செட்டில் குளித்துவிட்டு ஈரத்தோடு எழவு வீட்டுக்குத் திரும்பினோம். மகன் வந்து, மழை விட்டபின் எடுத்தார்கள். ஓடை அன்று பாதிக் கரை வரை ஏறி ஓடியது. சேலை நின்றது. மாராத்தாள் வீட்டு வாசல் கோலம்கூட அழியவில்லை என்று எழுத ஆசைதான். மழையில் அது அழிந்துவிட்டது. வீடு இருக்கிறது, கடலை இருக்கிறது.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஊரில் என்னைப் பார்த்து, ருக்குமணி வாய் மூடிவிட்டது என்கிறார்கள். இப்போது வேறொரு பெண் மேட்டாக வந்து படம் எடுக்கிறாள், நல்லவள். என்னை மேட்டாக இருக்கச் சொன்னார்கள், எனக்கு அந்தப் போனெல்லாம் ஆகாது. நான் வைத்துக்கொண்டது மேல் நுனி மட்டும்தான். வளைவைத் தாண்டி இன்னும் கரை கிடக்கிறது, சுருளும் வந்திருக்கிறது. அங்கே நின்றால் கயிறு உள்ளங்கையை அறுக்கும். கீழே இருக்கிற அத்தனை பேர் எடையும் அந்த இரண்டு கையில் வந்து தொங்கும். முளை எல்லாம் இறங்கும்வரை விடக்கூடாது. அக்கா ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. பிடித்துப் பார்த்தபின்தான் எனக்குத் தெரிந்தது.