காதுக்காரியும் நாற்பத்தொரு நொடியும்

அலுவலகத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். சும்மா ஒட்டிய பெயரா என்ன? ஆய்வுக்காக அலைந்து திரிந்து பேட்டி எடுப்பவர்கள் ஒலிப்பதிவுகளை அவள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சொல் சிந்தாமல் தட்டச்சு செய்வாள். இருமினால் 'இருமல்', சிரித்தால் 'சிரிப்பு', பேச்சு நின்றால் 'மௌனம்', பக்கத்திலேயே எத்தனை நொடி என்று கணக்கு. பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. ஊர்பேர் தெரியாத எத்தனை பேரின் அழுகையைக் கேட்டிருப்பாள்! பெற்றவள் பேச வந்தால் மட்டும் அந்தக் காதுக்கு நேரம் இருந்ததில்லை. இதை வேறு யாரும் சொல்லவில்லை, இப்போது அவளே சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அம்மா வேறு ஊரில் தனியாக இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், துணி காயப்போட மாடிக்குப் போனவள் அங்கேயே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அழுது முடித்து வேலைக்குத் திரும்பியவளுக்குக் கிடைத்த புதிய ஆய்வைப் பாருங்கள்: தனியாக வாழும் முதியவர்கள்! பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

அறுபத்திரண்டாம் பதிவைப் போட்டாள். முதலில் ஒரு தொண்டைச் செருமல். அம்மாவின் செருமல்!

"உக்காரும்மா, ஃபேன் போடறேன். கொஞ்சம் சத்தம் போடும், கண்டுக்காத."

தெரிந்தவர் குரல் என்றால் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அந்த விதியை ஓதுகிறவளே அவள்தான். விதியாவது மண்ணாவது! ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க பேசுவாங்களாம்மா?" பேட்டி எடுத்த பெண் கேட்டாள்.

"ஏன் பேசாம? ஒரே பொண்ணு எனக்கு. இரு, இப்பவே போட்டுக் காட்டறேன்."

பெருமை பீற்றிக்கொள்ளத்தான் அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். நான்கு முறை மணி அடித்தது.

"என்னம்மா? வேலையா இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன், வை."

காதுக்காரியின் குரலேதான். அப்படி என்ன தலைபோகிற வேலை? யாரோ ஒருத்தரின் மௌனத்தை எண்ணிக்கொண்டிருந்திருப்பாள். பதிவின் தேதியைப் பார்த்தாள். அம்மா போவதற்கு ஐந்து நாள் முன்பு.

"பாத்தியா, எடுத்துட்டா," என்றாள் அம்மா. "பாவம், அவளுக்குத் தலைக்கு மேல வேலை."

"சரிம்மா, கடைசியா ஒரு கேள்வி. தனியா இருக்கோமேன்னு எவ்வளவு தோணுது? தோணவே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. ஒரு நம்பர் சொல்லுங்க."

பதில் இல்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"பூஜ்யம்னே போட்டுக்கம்மா. என் பொண்ணு இருக்கறப்ப எனக்கென்ன குறை?"

காதுக்காரி தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். தான் பேசிய அந்த ஒற்றை வரியை விட்டுவிட்டால்தான் என்ன, எந்த மகாராசா வந்து சரிபார்க்கப் போகிறார்? விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். போக முடியவில்லை, திரும்பி வந்தாள். 'வேறொருவர், தொலைபேசியில்: வேலையா இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன், வை.' ஒரு எழுத்து குறையாமல் அடித்தாள். பிறகு பூஜ்யத்துக்கு முன்னால் இருந்த மௌனத்தை மூன்று முறை ஓடவிட்டு எண்ணினாள். நாற்பத்தொரு நொடி. அதையும் எழுதினாள்.

பக்கத்து மேசைக்காரர் பேட்டிப் படிவங்களில் இருக்கும் எண்களைக் கணினியில் ஏற்றுகிறவர். அவர் கையிலும் அதே அறுபத்திரண்டு.

"இந்தம்மா குடுத்து வச்சவங்கப்பா. தனிமை பூஜ்யமாம்!"

"அந்த நம்பர் தப்புங்க," என்றாள்.

"அவங்களே சொன்னது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹெட்போனைக் கழற்றாமலே அவர் பக்கம் திரும்பினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"அவங்க பொண்ணு நான்தாங்க. அப்புறம் கூப்பிடறேன்னு சொன்னேன். கூப்பிடவே இல்ல."