மோட்டாரை நிறுத்திய காலை

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அதுவரை பேசியதே இல்லை, கூச்சம்தான்.

ஒரு நாள் காலை, பழைய டிவி ஆன்டெனா போன்ற ஒன்றைப் பிடித்தபடி ஒரு மாணவி தெருவெல்லாம் நடந்து, என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள்.

“அக்கா, நாங்க செஞ்ச சாட்டிலைட்டை மேல அனுப்பிட்டாங்க. இன்னும் அதுகிட்டேருந்து ஒரு சிக்னல்கூட வரல. செத்துப் போச்சுன்னே சார் சொல்லிட்டாரு. ஆனா உங்க தையல் மெஷின் மோட்டார் ஓடும்போதெல்லாம் எங்க ரேடியோல ஒரே இரைச்சல். அரை மணியில நம்ம தலைக்கு மேல வருது. அது போற வரைக்கும் நிறுத்தறீங்களா?”

உடனே நிறுத்தினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். “தெருவுக்குத்தான் தொல்லைன்னு நெனச்சேன். ஆகாசத்துக்குமா?”

“நீங்களும் வாங்கக்கா,” என்று அவள் என்னைக் கல்லூரி மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், ஒரு ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டாள்; அவள் சாரும் அங்கே ரேடியோ முன்னால் இருந்தார். வெகுநேரம் வெறும் காற்று போல ஒரு சத்தம்தான். பிறகு மெல்ல, விட்டு விட்டு, கீச் கீச்சென்று கேட்டது. “உயிரோட இருக்குக்கா!” என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது அந்த சாட்டிலைட் எங்கள் ஊரைக் கடக்கும் நேரத்தை அவள் போனில் அனுப்புகிறாள். அந்த நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, கையால் ஹூக் தைக்கிறேன். என் மெஷின் சும்மா இருப்பதற்காக யாரோ காத்திருக்கிறார்கள் என்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.