இரண்டே இருக்கைகள்

பின்லாந்தில், வாசா நகருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரின் கோடை இசைவிழாவுக்கு இருபத்தாறு ஆண்டுகளாக விளம்பரம் செய்துவருபவர் இர்மெலி ஹாபகோஸ்கி. சுவரொட்டி, பத்திரிகைச் செய்தி, வானொலிப் பேட்டி எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் ஓர் ஆண்டு முழுக்கச் சொல்லும் பாராட்டை அவர் ஒரே பத்தியில் செலவழித்துவிடுவார். "மெய்சிலிர்க்க வைக்கும் மேதை" என்று அவர் எழுதியதைப் படித்த அக்கார்டியன் கலைஞர் ஒருவர், தனக்குப் பதிலாக வேறு யாரையோ அழைத்துவிட்டார்கள் என்று வருந்தித் தொலைபேசியில் கேட்டதுண்டு.

சீட்டு விற்பனை தொடங்கும் முன்பே சுவரொட்டியின் மூலையில் "கடைசிச் சில இருக்கைகளே!" என்று ஒட்டிவிடுவது அவர் வழக்கம். போன கோடையில் விழாவுக்கு உதவித்தொகை தரும் மாகாணக் கலை மன்றத்தின் அதிகாரி ஒருவர் நேரில் வருவதாக இருந்தது. அரங்கு நிறையாவிட்டால் உதவித்தொகை நிற்கும், அதோடு விழாவும் நிற்கும். அந்தப் பயத்தில் இர்மெலி, "இரண்டே இருக்கைகள்!" என்று ஊரெங்கும் ஒட்டினார்.

கச்சேரி ஆறு மணிக்கு. ஐந்து நாற்பதுக்கு, எங்கள் அரங்கான பழைய உப்புக் கிடங்கில் எண்பத்து நான்கு நாற்காலிகள் இருந்தன. அதிகாரியம்மாவைச் சேர்த்து ஒன்பது பேர் இருந்தார்கள். ஊரில் மீதிப் பேர் நாங்கள் இருநூறு அடி தள்ளித் துறைமுகக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

இர்மெலி ஓடிவந்தார். "எல்லாரும் வாங்க, இடம் இருக்கு!"

படகு பழுதுபார்க்கும் பென்டி ரொட்டியைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டு இடம்தானே? ஆசையா இருக்கறவங்க யாராவது போகட்டும். நாங்க எதுக்குக் குறுக்க?"

"நெறைய இருக்கு, பென்டி."

"நேத்து ரெண்டுன்னு ஒட்டினே. இன்னிக்கு நெறையங்கிறே. நாற்காலி குட்டி போட்டுதா?"

"அது விளம்பரம்."

"இது?"

இர்மெலி ஓர் அடைமொழிகூட இல்லாமல் பேசியதை அன்றுதான் கேட்டேன்: "யாருமே வரலை. எழுபத்தஞ்சு நாற்காலி காலி. உட்கார ஆள் வேணும். கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க."

இன்பத்துக்குக் கூப்பிட்டால் எங்களுக்கு ஆயிரம் தயக்கம். வேலைக்குக் கூப்பிட்டால் யோசிப்பதில்லை.

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா," என்று பென்டி எழுந்தார். ஏதோ தூக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பில் கையுறையையும் எடுத்துக்கொண்டார். அவர் பின்னால் கடையே எழுந்தது. ஆறு மணிக்குக் கடைக்காரி உட்பட எல்லோரும் உள்ளே, வேலைக்கு வந்தவர்களின் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது பாட்டின்போது முகங்கள் கொஞ்சம் தளர்ந்தன.

முடிந்ததும் அதிகாரியம்மா பென்டியிடம், எப்படி இருந்தது என்று கேட்டார்.

"மோசமில்லை," என்றார் பென்டி. எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அந்த அம்மாவும் இந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது, அதைப் பாராட்டாகவே குறித்துக்கொண்டார்.

உதவித்தொகை வந்துவிட்டது. இந்த ஆண்டுச் சுவரொட்டியில் இரண்டு வரிகள்தான்: "போன தடவை மோசமில்லை. நாற்காலிகளில் உட்கார எண்பத்து நான்கு பேர் தேவை." இர்மெலி எழுதியவற்றில் நான் முழுதாக நம்பியது அது ஒன்றுதான். மூலையில் மட்டும், பழக்கம் விடாமல், ஓர் ஆச்சரியக்குறி ஒட்டியிருக்கிறார்.