நான் எடுக்காத இரண்டு அழைப்புகள்

தண்ணீரில் ஊறிய சணலின் நாற்றம்... கிழக்கு எல்லையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்க அது சட்டையை விட்டுப் போகாது. ஆரணியில் பட்டு நூல் வேகும் வாசனையில் வளர்ந்த எனக்கு அது பழக ஒரு மாதம் ஆனது.

அப்போது நான் எல்லைக் காவல் படையில் புதிதாக வந்த எஸ்.ஐ. எல்லை வேலியில் ஒரு கேட்டுக்கும் பன்னிரண்டு காவலர்களுக்கும் பொறுப்பு. வேலிக்கு அந்தப் பக்கமும் நம் நிலம் கொஞ்சம் உண்டு. விவசாயிகள் காலையில் அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போவார்கள். மாலை ஐந்துக்குள் திரும்பி, அட்டையை வாங்கிக்கொள்வார்கள். ஐந்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட வேண்டும்.

கேட்டில் ஏழுமலை என்றொரு கான்ஸ்டபிள். தேசூர்க்காரர். அந்த முகாமில் என்னோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள். அவர் மனைவிக்கு நிறைமாதம். நாலு நாளில் லீவில் கிளம்ப இருந்தார்.

அன்று மணி ஐந்தேகால். கேட் திறந்தே கிடந்தது. ஏழுமலையைக் காணோம். துப்பாக்கியை உடன் நின்ற காவலரிடம் கொடுத்துவிட்டு வயலுக்குள் போயிருக்கிறார்.

கொஞ்ச நேரத்தில் இடுப்பு வரை சேற்றோடு வந்தார். பின்னால் ஒரு விவசாயி, ஒரு மாடு.

"மாடு சேத்துல மாட்டிக்கிச்சு சார். அந்த ஆளு ஒண்டியா இழுத்துகினு இருந்தாரு..."

யாரைக் கேட்டுப் போனாய் என்று கத்தினேன். எல்லோருக்கும் புரியட்டும் என்றே இந்தியில் கத்தினேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"தப்புதான் சார்."

அவ்வளவுதான். லீவை நிறுத்தச் சொல்லி ரிப்போர்ட் எழுதினேன். அதை அனுப்ப வயர்லெஸ் அறைக்குப் போனபோதுதான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். 'கேட்டிலிருந்து அழைப்பு. பொறுப்பாளர் பதில் இல்லை.' பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை.

அந்த நேரத்தில் நான் தண்ணீர்த் தொட்டி மேல் நின்றிருந்தேன். செல்போன் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். தங்கை கல்யாணத்துக்கு என்ன கலர் புடவை என்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். வாக்கி டாக்கி என் மேசை மேல் கிடந்தது.

ஏழுமலை குழாயடியில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தார்.

"கூப்ட்டன்னு ஏன்பா சொல்லல?"

துணியைப் பிழிந்தபடியே சொன்னார். "அவங்க எதிர்ல எப்டி சார் சொல்றது? அப்பறம் உங்க பேச்ச எவன் கேப்பான்? இவங்கள வெச்சிகினுதான நீங்க வேல பாக்கணும்..."

"லீவு போனா?"

"அத்த நெனச்சாதான் சார் பேஜாரா கீது."

மறுநாள் காலை அணிவகுப்பில், அதே ஆட்கள் முன்னால், அதே இந்தியில் சொன்னேன். அழைப்பு வந்தது, எடுக்காதது நான் என்று. ரிப்போர்ட்டை மாற்றி எழுதி அனுப்பினேன். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. கேட்டை விட்டுப் போனதற்கு ஏழுமலைக்கும் திட்டு விழுந்தது, ஆனால் லீவு நிற்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது.

இப்போது நான் ரிட்டையர் ஆகி, செய்யாறில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஆரணியிலிருந்து தினமும் கம்பெனி பஸ். எங்கே பார்த்தாலும் கேமரா. யார் எப்போது எங்கே போனார் என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் காலத்தில் ரிஜிஸ்டரில் அந்த இரண்டு வரி இல்லாமல் போயிருந்தால்... எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

போன வாரம் எங்கள் ஆள் ஒருவர் கேட்டில் இல்லை. வீடியோவைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் மேனேஜர்.

"பாக்கலாம் சார். மொதல்ல அவர ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனேன்.